பெல்ட்டைப் பிடித்த கை

கூடைப்பந்தில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஓர் அணியின் பெஞ்சில் இரண்டு கோச்சுகள் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம். பெரியவர் நின்றால் சின்னவர் உட்கார்ந்தாக வேண்டும். அந்தப் பெண்கள் கல்லூரியின் தலைமைக் கோச், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஆட்டத்தின்போது உட்கார்ந்ததே இல்லை. ஆகவே உதவிக் கோச் எழுந்ததே இல்லை.

மாணவிகள் ஒருவரைப் பெரிய சார் என்றும் இன்னொருவரைச் சின்ன சார் என்றும் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பெரியவர், சின்னவர். சின்னவருக்கு நாற்பத்து நான்கு முடிந்திருந்தது. காதோரம் நரைத்துவிட்டது, படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது, மகள் அவரைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். 'சின்ன' மட்டும் அவரை விட்டுப் போகிற வழியாக இல்லை.

அவர் செய்யாத வேலை எது என்று கேட்டால் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். எதிரணிகளின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, எவள் இடது பக்கம்தான் திரும்புவாள், எவள் களைத்துப்போனால் இடுப்பில் கை வைப்பாள் என்பதையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி மாணவிகளுக்குக் காட்டுவார். கணுக்காலுக்கு டேப் சுற்றுவார். டிரைவர் வராத அன்று வேன் ஓட்டுவார். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் நல்ல ஆட்டக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று காதில் விழுந்தால், அவள் வீட்டு சோஃபாவின் நுனியில் போய் உட்கார்ந்து, "பந்து விளையாடி என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்கிற அப்பாவிடம் வாய் வலிக்கப் பேசி, அந்த அம்மா மறுபடி மறுபடி கொண்டுவருகிற டீயையெல்லாம் குடித்து, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பார். பயிற்சியில் தொண்டை கிழியக் கத்துவதும் அவர்தான். ஆட்டம் தொடங்கி விசில் ஊதியதும் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிடுவார்.

அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆட்டத்தின்போது அவருக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. பெரியவரின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வது.

பெரியவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு தடவை நடுவர் மேல் இருந்த ஆத்திரத்தில், புள்ளி எழுதுகிறவர்களின் மேஜையை எட்டி உதைத்துவிட்டார். பாதி சீசன் அவரை உள்ளே விடவில்லை. அந்த ஆட்டங்களுக்கும் கல்லூரி ஓய்வுபெற்ற ஒரு கோச்சைக் கொண்டுவந்து நிறுத்தியது, சின்னவரை இல்லை. அப்போது இருந்த கல்லூரி முதல்வர் சின்னவரை அழைத்து, "நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கீங்க? அவரைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார். அந்த அம்மாள் என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது, சின்னவர் அப்படியே செய்தார். பெரியவர் திரும்பி வந்த முதல் ஆட்டத்தில், ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி நடுவரை நோக்கிப் பாய்ந்த நேரத்தில், பின்னாலிருந்து இரண்டு விரலைப் பெல்ட்டுக்குள் கொடுத்து இழுத்தார். பாய்ந்தவர் நின்றார். அன்றைக்குப் பிடித்த பிடிதான். உடும்புப்பிடி.

நாளாக ஆக அது ஒரு வித்தை மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் கோட்டின் விளிம்பில் கால் விரல்களை வைத்து, உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக் கத்துவார். கால்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், வாய் கோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவர்களுக்கும் அது பழகிவிட்டது. பின்னால் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடி சின்னவர், ஒரு கையால் பெரியவரின் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பார். மாணவிகள் அவருக்கு வைத்த இன்னொரு பெயர் பிரேக்.

வலது கை பெல்ட்டில் இருக்கும். இடது கால் ஆடிக்கொண்டே இருக்கும். குதிகால் தரையில் படாமல், முழங்கால் மேலும் கீழும் துடிக்கும். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்தால் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். மனைவி அதற்குத் தையல் மெஷின் என்று பெயர் வைத்து, "ரெண்டு தலையணை உறை தைச்சுக் குடுங்களேன், காலை எதுக்கு வீணாக்கறீங்க?" என்பாள். அவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார். நின்றால் கால் ஆடாது. எழுந்து நிற்க விடாததால்தான் அது இப்படித் துடிக்கிறது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

அவருடைய மாமியார் டிவியில் ஆட்டம் பார்க்கிறவர். ஒரு நாள் மகளுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம்மா? எப்பப் பார்த்தாலும் உட்கார்ந்தே இருக்காரே" என்று கவலையோடு கேட்டார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னவரும் சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரியில் தலைமைக் கோச் வேலை காலியானது இந்தச் சமயத்தில்தான். புது உள்ளரங்கம், மரத் தரை, அணிக்கென்று தனி பஸ். நாற்பத்தைந்து வயது ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு இப்படி ஒரு வேலைக்கு அவர் மனுப் போடவே முடியாது. இதற்கு முன்னால் பல இடங்களில் நேர்காணலுக்குப் போயிருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "நீங்களா நின்னு நடத்தின ஆட்டம் எது சார்?" அவர் பயிற்சியைப் பற்றிப் பேச்சை மாற்றுவார். அவர்கள் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ஒரு பெண்மணி. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். சின்னவர் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

"உங்க மனுவைப் பார்த்தேன் சார். உங்க பெரிய கோச்சுகிட்டயும் விசாரிச்சேன். மறைக்காமச் சொல்லிடறேன். 'தங்கமான ஆள், ஆனா முன்னால நிக்கிற ஆள் இல்லை'ன்னார்."

சின்னவரின் கையிலிருந்த பம்ப் அப்படியே நின்றது.

"அடுத்தவங்க சொல்றதை வெச்சு முடிவு பண்ற பழக்கம் எனக்கு இல்லை. உங்க அணியோட அரையிறுதிக்கு நானே வர்றேன். நீங்க நின்னு ஆட்டம் நடத்தறதை என் கண்ணால பார்க்கணும். முடியுமா?"

"முடியும் மேடம்," என்றார் சின்னவர். எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க மனிதர்களின் நரம்பைத் தேடி ஊசி குத்துகிறவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"அவரையே நேரா கேளுங்களேன்," என்றாள். "ஆட்டத்துல நாலு குவார்ட்டர் இருக்கே, ஒரு குவார்ட்டர் உட்காருங்கன்னு கேளுங்க. உயிரையா கேக்கறீங்க?"

"அவர் அப்படிச் சொல்லியிருக்கார் என்னைப் பத்தி."

"அதையும் கேளுங்க."

"அதெப்படிக் கேக்கறது?"

"இப்படி நடந்துக்கிட்டே இருந்தா தரைதான் தேயும். முதல்ல ஒரு இடத்துல நில்லுங்க."

மறுநாள் பெரியவரின் அறைக்குப் போனார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அறுந்த விசில் கயிற்றில் முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். சின்னவர் கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். பிறகு கேட்டார். தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு குவார்ட்டர் மட்டும் கேட்டார்.

"நான் உட்காரணுமா?" பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. "சரிடா தம்பி. மூணாவது குவார்ட்டர் உனக்கு. நான் அசையவே மாட்டேன், போதுமா? பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கேன்."

"நிஜமாவா சார்?"

"என்னடா, சத்தியம் பண்ணித் தரணுமா?"

சின்னவருக்கு அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. சந்தோஷமா பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அரையிறுதி அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. இயக்குநர் அம்மாள் எதிர்வரிசையில், நேராக இவர்கள் பெஞ்சைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குவார்ட்டரிலேயே பெரியவர் ஒரு டவலைச் சுருட்டி நடுவரின் காலடியில் வீசிவிட்டார். விசில். டெக்னிக்கல் ஃபவுல். நடத்தை சரியில்லை என்று கோச்சுக்குக் கொடுக்கிற தண்டனை அது. இன்னொன்று விழுந்தால் அரங்கத்தை விட்டே வெளியேற வேண்டும். சின்னவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் டவல் பெரியவரின் கையில் இருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்?

மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியபோது பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உட்கார்ந்தார். அணியில் குள்ளமானவள், எல்லோரும் குருவி என்று கூப்பிடுகிறவள், அவர் உட்காருவதைப் பார்த்த திகைப்பில் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டாள். சின்னவர் எழுந்தார். நின்ற இடத்திலிருந்து ஆட்டமே வேறு மாதிரி தெரிந்தது. உட்கார்ந்தால் கால்களும் முதுகுகளும்தான் தெரியும். இங்கே மைதானம் விரித்த பாய் மாதிரி கிடந்தது. எதிரணியின் உயரமானவள் பந்தையே பார்த்துக்கொண்டு முதுகுப்பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

"குருவி! பின்னால!" என்று கத்தினார்.

குருவி பார்க்காமலே வீசினாள். கூடை. அடுத்த முறையும் அதே இடம், அதே வீச்சு, கூடை. அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. இயக்குநர் அம்மாள் முன்னால் குனிந்து முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். சின்னவரின் கால் ஆடவில்லை. பாறை மாதிரி நின்றது. இதற்காகத்தான் பிறந்தேன் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவர் வெட்கப்படவும் இல்லை.

அப்போது எதிரணிக்காரி ஒருத்தி இவர்கள் கேப்டனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். நடுவர் விசில் ஊதவில்லை. "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?" என்று சின்னவருக்குப் பின்னாலிருந்து ஒரு முழக்கம் வந்தது. பெரியவர் எழுந்து நின்றிருந்தார். எழுந்தது அவருக்கே தெரியாது.

நடுவர் ஓடி வந்து இரண்டு பேரையும் பார்த்து விரலை நீட்டினார். "ஒருத்தர்தான் சார் நிக்கணும். ஒருத்தர் உட்காருங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. சின்னவர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைத்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் சொல்லவில்லை. முழங்கால்கள் தாமாக மடங்கியிருந்தன. வலது கை தானாகப் போய்ப் பெரியவரின் பெல்ட்டைப் பிடித்திருந்தது. பெரியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்திக்கொண்டிருந்தார். இயக்குநர் அம்மாள் நிமிர்ந்து சாய்ந்துகொண்டு, கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். இடது கால் மறுபடி ஆடத் தொடங்கியது. அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

கடைசிக் குவார்ட்டரில், சில நிமிடங்கள் மிச்சம் இருந்தபோது, கோட்டுக்கு வெளியே போன பந்தை நடுவர் எதிரணிக்குக் கொடுத்தார். தவறான தீர்ப்பு. பெரியவர் பாய்ந்தார். வழக்கம்போல் கோட்டின் விளிம்பில் கால் விரல்கள், விரித்த கைகள், உடம்பின் எடை முழுவதும் முன்னால். அந்த எடை முழுவதும் சின்னவரின் இரண்டு விரல்களில் தொங்கியது. முன்னால் நிற்கிற ஆள் இல்லை. பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கேன். இரண்டு வாக்கியங்களும் அவர் காதுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்தன.

விரல்களை நீட்டினார். அவ்வளவுதான். ஒன்றைச் செய்தது போலவே இல்லை. செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தியது போல இருந்தது.

பெரியவர் கோட்டைத் தாண்டிப் போய் நடுவரிடம் சண்டை போடுவார், வெளியேற்றுவார்கள் என்றுதான் சின்னவர் நினைத்தார். இது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை: இத்தனை வருடமும் பெரியவர் தன் காலில் நிற்கவில்லை, அந்தப் பிடியின்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தார். பிடி போனதும் விரித்த கைகளோடு, திறந்த வாயோடு, அப்படியே மரம் சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தார். விழுகிற வேகத்தில் கைக்கு அகப்பட்ட நடுவரின் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கணம் அரங்கம் முழுவதும் சிரித்தது. பிறகு அவர் எழுந்திருக்காததைப் பார்த்துச் சத்தம் அடங்கியது.

காலைப் பிடித்து இழுத்ததாக இரண்டாவது டெக்னிக்கல். பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. போகிறபோது அவர் தலையைத் திருப்பிச் சின்னவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

அதன் பிறகு நடந்தது சின்னவருக்குச் சரியாக நினைவில் இல்லை. நின்றார், கத்தினார், ஆட்களை மாற்றினார். பெண்கள் அவர் சொல்லுக்கு ஆடினார்கள். தினமும் பயிற்சியில் கேட்ட குரல்தானே. ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். குருவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

இயக்குநர் அம்மாள் இறங்கி வந்தார். "நல்லா நின்னீங்க. ஆனா இது கடைசி சில நிமிஷம்தான். இறுதி ஆட்டம் முழுசும் பார்த்துட்டு முடிவு சொல்றேன்," என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், அவர் எப்படி விழுந்தார்? நீங்க பிடிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"நழுவிடுச்சு மேடம்."

முதலுதவி அறையில் பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் தற்காலிகக் கட்டு. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. டாக்டர் வெளியே போனதும் சின்னவர் வாயைத் திறந்தார்.

"சார், நழுவிடுச்சு சார். வேர்வை."

பெரியவர் நல்ல கையால் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "நழுவினா பெல்ட் ஒரு இழு இழுத்துட்டுத்தான் விடும்டா. இது அப்படி இல்லை." பிறகு, வீங்கிய உதட்டோடு, "ஜெயிச்சோமா?" என்றார்.

"ஜெயிச்சோம் சார்."

"நல்லது. வண்டியைக் கூப்பிடு, எக்ஸ்ரே எடுக்கணுமாம்."

அவர் திட்டுவார் என்று சின்னவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தானும் பதிலுக்கு, 'நீங்க மட்டும் என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?' என்று கேட்டிருக்கலாம். அதற்கு அவர் வழியே வைக்கவில்லை.

அந்த வாரம் சின்னவர் ஒரு இடத்தில் நிலையாக இருக்கவில்லை. மாமியார் போன் செய்து, "மாப்பிள்ளை எழுந்துட்டாரே! உடம்பு தேவலையாம்மா?" என்று மகிழ்ந்துபோனார். மனைவி புதுப் பேண்டும் புது பெல்ட்டும் வாங்கி வந்தாள். "பெரிய கோச் ஆகப்போறவர் டிராக் பேண்டோடயா நிப்பார்?" என்று பெல்ட்டை அவர் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். அவள் கை பட்டதும் அவர் துள்ளி விலகினார்.

"என்னாச்சு உங்களுக்கு?"

"நான்தான் விட்டேன்," என்றார். "நழுவலை."

அவள் பெல்ட்டை மடித்து மேஜைமேல் வைத்தாள். "தெரியும்," என்றாள். "நழுவியிருந்தா நீங்க அன்னைக்கே நூறு தடவை அதையே சொல்லிப் புலம்பியிருப்பீங்க. இப்ப என்ன, ஆட்டத்துக்குப் போகாம இருக்கப்போறீங்களா?"

"இல்லை."

"அப்ப பெல்ட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க. அவர்கிட்டயும் ஒரு நாள் சொல்லிடுங்க."

இறுதி ஆட்டத்துக்கு முன் போட்டிக் குழு கூடி, பெரியவர் வேண்டுமென்று நடுவரின் காலைப் பிடிக்கவில்லை, தடுமாறித்தான் விழுந்தார் என்று தீர்மானித்தது. பெஞ்சில் உட்காரலாம், எழுந்து நிற்கக் கூடாது. பெரியவர் மாவுக்கட்டோடு வந்தார். தன் நாற்காலியைத் தாண்டிப் போய், சின்னவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. விசில் ஊதியதும் நின்றார்.

முதல் குவார்ட்டரிலேயே முதுகுத்தண்டில் அது தெரிந்தது. இரண்டு விரல்கள். இடது கை விரல்கள். புது பெல்ட்டுக்குள் நுழைந்து வளைந்துகொண்டன.

ஆட்டம் முழுவதும் அந்த விரல்கள் அங்கேயே இருந்தன. சின்னவர் நன்றாகத்தான் நடத்தினார். ஆட்களை மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றினார், பெண்களுக்கு மூச்சு வாங்கியபோது இடைவேளை கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார். கடைசி வரை இரண்டு அணிகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. இயக்குநர் அம்மாள் போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தார்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் குருவி இரண்டு பேருக்கு நடுவே புகுந்து எழும்பினாள். பெரிய உடம்புக்காரி ஒருத்தி அவளை அந்தரத்திலேயே இடித்துக் கீழே தள்ளினாள். விசில் ஊதியது. நடுவர் கையைக் காட்டியது குருவியின் பக்கம், தவறு அவளுடையதாம். குருவி தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கிச் சின்னவரைப் பார்த்தாள். கேப்டன் பார்த்தாள். களத்திலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கோச் கத்துவது நடுவருக்காக மட்டும் இல்லை. கத்தினால் தீர்ப்பு மாறாது என்று எல்லோருக்கும் தெரியும். கீழே கிடக்கிறவளுக்கு, 'உனக்காக ஒருத்தன் இருக்கிறான்' என்று காட்டுவதற்காகத்தான் அது. சின்னவருக்கு ரத்தம் கொதித்தது. கோட்டின் விளிம்புக்குப் போனார். வாய் திறந்தது.

"போ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நல்லாக் கத்து. பிடிச்சிருக்கேன்."

சின்னவர் திரும்பிப் பார்த்தார். பெரியவரின் உதட்டில் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை. கண்கள் ஆட்டத்தின்மேல் இருந்தன. கை பெல்ட்டில் இருந்தது. விடுவது எவ்வளவு சுலபம் என்று அந்த அரங்கத்தில் சின்னவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு விரல்களை நீட்டினால் போதும். நீட்டுவதற்குப் பெரியவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவரால் சாய முடியவில்லை. உடம்பு முன்னால் போகவே மாட்டேன் என்றது. குதிகால்கள் தரையில் ஆணியடித்த மாதிரி பதிந்துகொண்டன. 

"சார்," என்றார் நடுவரிடம், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற குரலில். "அதைக் கொஞ்சம் பாருங்களேன்."

நடுவரே ஆச்சரியப்பட்டுப் போனார். "பார்த்தாச்சு சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். குருவி தானாகவே கையை ஊன்றி எழுந்தாள். அதற்குப் பிறகு ஆட்டத்தில் ஒரு சுரத்து இல்லை. பந்து எதிரணிக்குப் போனது, அவர்கள் அதைக் கூடையில் போட்டார்கள். தோற்றார்கள்.

"ஏன் சார் கத்தலை?" என்று மட்டும் குருவி கேட்டாள். டவலை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

இயக்குநர் அம்மாள் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "தோத்ததைப் பத்தி எனக்குக் கவலை இல்லை சார். அந்தத் தீர்ப்புக்கு வேற எந்தக் கோச்சா இருந்தாலும் ஆடித் தீர்த்திருப்பாங்க. நீங்க அசையலை. என்ன நிதானம்! உங்களைப் பிடிச்சு வைக்க இன்னொரு ஆள் தேவையே இல்லை. திங்கக்கிழமை வந்து வேலை உத்தரவை வாங்கிக்குங்க."

சின்னவர் நன்றி சொன்னார். எத்தனையோ வருடம் ஏங்கிய வார்த்தைகள் அவை. அந்த அம்மாள் நிதானம் என்று நினைத்தது என்ன என்பது அவருக்குத் தெரியும். வாழைப்பழத் தோலைக் கண்டவன் நடக்கிற நடை அது.

அரங்கம் காலியாகியிருந்தது. பந்துக் கூடையைத் தள்ளிக்கொண்டு யாரோ போனார்கள். பெரியவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. மாவுக்கட்டோடு ஒற்றைக் கையால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சின்னவர் குனிந்து அதை வாங்கிக் கட்டினார்.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"சந்தோஷம்டா." நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். "அந்தம்மா கேட்டப்ப நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ போயிட்டா என்னை யார் பிடிப்பாங்கன்னு பயம். வேற ஒண்ணும் இல்லை."

சின்னவர் முடிச்சை இறுக்கினார். "நான்தான் விட்டேன் சார். வேணும்னுதான் விட்டேன்."

"தெரியுமே." பெரியவர் நல்ல கையை அவர் தோளில் ஊன்றி எழுந்தார். எழுந்தவர் கையை உடனே எடுத்துவிடவில்லை. "இன்னைக்கு நீ சாஞ்சிருக்கலாம். நான் விட்டிருக்க மாட்டேன்டா, தம்பி."

சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெதுவாக வாசலை நோக்கி நடந்தார். சின்னவர் கோட்டின் விளிம்பில் தனியாக நின்றார். இப்போது அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இடது குதிகால் தரையிலிருந்து எழும்பி, முழங்கால் மேலும் கீழும் துடிக்க ஆரம்பித்தது. கையால் தொடையை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். கால் நிற்கவில்லை.